கமரான் தீவு முதல் மினா வரை: ஹஜ் பயண முன்னேற்பாடுகளின் வரலாறு

 

ஹஜ் விண்ணப்பங்கள் பெறப்படும் காலம் வந்துவிட்டால், தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் ஸ்ரீவைகுண்டத்திலும் சுற்று வட்டாரத்து மஹல்லாக்களிலும் இமாம்களை நாடி இரண்டு வகையான கேள்விகள் வருகின்றன. இஹ்ராம், தவாஃப், ஸஃயு பற்றிய மஸாயில்கள் முதல் வகை. அவற்றுக்குக் கிதாபுகளில் பதில் உண்டு. இரண்டாவது வகைக் கேள்வி சற்றுச் சலிப்போடு கேட்கப்படுவது: “பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, தடுப்பூசி அட்டை, புகைப்படம் என்று எத்தனை காகிதங்கள்! அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகிறவனுக்கு நிய்யத் போதாதா? நம் பாட்டனார் காலத்தில் இவையெல்லாம் இருந்தனவா?”

இருந்தன. இன்றிருப்பதைவிடக் கடுமையாகவே இருந்தன. அதைத்தான் இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில் மார்க்கத்தின் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். யமன் தேசத்தார் சிலர் பயணச் சாமான் எதுவுமின்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வருவார்கள். “நாங்கள் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்தவர்கள்” என்பார்கள். மக்கா வந்து சேர்ந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். அவர்கள் விஷயத்தில்தான் பயணத்திற்கான கட்டுச்சாதத்தைத் தயார் செய்துகொள்ளுமாறு கட்டளையிடும் வசனம் அல்பகரா அத்தியாயத்தில் இறங்கிற்று என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்ததை இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். முன்னேற்பாடு இல்லாத தவக்குலை மார்க்கம் ஏற்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஹஜ் கடமையாவதற்கு ‘இஸ்திதாஅத்’, அதாவது சக்தி பெற்றிருத்தல் நிபந்தனை என்பதை யாவரும் அறிவோம். நம் கடற்கரைப் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளில் இந்தச் சக்திக்கு விளக்கம் கூறும்போது, பொருளையும் வாகனத்தையும் மட்டும் சொல்லி நிறுத்திவிடவில்லை. பயணத்தைத் தாங்கும் உடலும் வழியின் பாதுகாப்பும் சேர்த்தே எண்ணப்படுகின்றன. கடல்வழிப் பயணமாயின் தப்பிப் பிழைப்பதே மிகைத்த நிலையாக இருக்க வேண்டும் என்றும் ஃபுகஹாக்கள் எழுதினார்கள். காகிதமும் ஊசியும் இன்றைக்குப் புதிதாகத் தோன்றலாம். அவை காக்க வந்த உடல்நலமும் வழிப் பாதுகாப்பும் நம் ஃபிக்ஹில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருபவை.

இனி வரலாற்றுக்கு வருவோம். நம் கடலில் ‘பயண அனுமதிச் சீட்டு’ என்பதை முதன்முதலாகத் திணித்தவர்கள் போர்த்துகீசியர்கள். அவர்கள் வரும் வரை காயல் துறைமுகத்திலிருந்தும் மலபார்க் கரையிலிருந்தும் புறப்பட்ட மரக்கலங்கள் காற்றையும் மாலுமியையும் நம்பி அரபுக் கரை சேர்ந்தன. 1502இல் வாஸ்கோட காமா தம் இரண்டாம் பயணத்தில், மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஹாஜிகளின் கப்பலை மலபார்க் கடலில் மறித்துத் தீயிட்டார். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். ஒரு சில சிறுவர்கள் தவிர மற்றவர் பிழைக்கவில்லை. அதே காலத்தில்தான் ‘கர்த்தாஸ்’ முறையும் தொடங்கியது. போர்த்துகீசியரிடம் பணம் செலுத்திச் சீட்டுப் பெறாத கப்பல் கண்ட இடத்தில் கைப்பற்றப்படும். முத்துக்குளித்துறை முழுவதும் அவர்கள் ஆதிக்கத்தின் கீழ் வந்த பின் நம் கரையோர வணிகர்களும் இதிலிருந்து தப்பவில்லை. காகிதத்தைக் குறிக்கும் ‘கிர்தாஸ்’ என்ற அரபுச் சொல்லே இவ்வாறு திரிந்தது என்று கூறுவோரும் உண்டு.

இது உலமாக்களிடையே ஒரு மஸ்அலாவாகவே ஆயிற்று. அச்சீட்டுகளில் கிறிஸ்தவ உருவங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அக்பர் ஆட்சியில் முக்கிய ஆலிமாக இருந்த மக்தூமுல் முல்க், கடல்வழியில் இந்தச் சீட்டை ஏந்த வேண்டியிருப்பதையும், தரைவழியில் வேறு இடையூறுகள் இருப்பதையும் காரணங்காட்டி, இந்நிலையில் இந்திய முஸ்லிம்கள் மீது ஹஜ் கடமையில்லை என்று கூறியதாக வரலாற்றாசிரியர் பதாயூனீ குறித்திருக்கிறார். மலபாரின் மார்க்க அறிஞர் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் ‘துஹ்ஃபதுல் முஜாஹிதீன்’ நூலில் போர்த்துகீசியர் இழைத்த கொடுமைகளை எழுதுகையில் ஹஜ் பயணத்தை அவர்கள் தடுத்ததையும் சேர்த்தே எழுதினார்கள். முதற்சீட்டு நம்மைக் காப்பதற்காக வரவில்லை. நம்மை ஆள்வதற்காக வந்தது. காகிதத்தைக் கண்டால் நம் மக்களுக்கு உள்ளூர எழும் வெறுப்புக்கு இத்தனை பழைய வேர் உண்டு.

ஆனால் அதற்குப் பின் வந்த காகிதங்களின் கதை வேறு.

நீராவிக் கப்பல் வந்ததும் மாதக்கணக்கான பயணம் வாரக்கணக்காகச் சுருங்கிற்று. ஏழைகளும் புறப்பட்டார்கள். பம்பாய் ஹாஜிகளின் பெருந்துறையாயிற்று. நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்களும் அங்குச் சென்று முஸாஃபர்கானாக்களில் வாரக்கணக்கில் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். கப்பல் விரைந்தபோது நோயும் விரைந்தது என்பதுதான் வேதனை. முன்பெல்லாம் காலரா கண்ட மரக்கலத்தில் நோய் நடுக்கடலிலேயே எரிந்து தணிந்துவிடும். நீராவிக் கப்பலோ அதை உயிரோடு கரை சேர்த்தது. 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜில் காலரா பரவியது. கூடியிருந்த சுமார் 90,000 பேரில் 15,000 பேர் வரை மவுத்தானதாக மதிப்பிடப்பட்டது. திரும்பிச் சென்ற ஹாஜிகளுடன் நோய் ஸூயஸ் சென்றது; அங்கிருந்து அலெக்ஸாந்திரியா, அங்கிருந்து ஐரோப்பியத் துறைமுகங்கள், பின் அமெரிக்கா.

ஐரோப்பா விழித்துக்கொண்டது அப்போதுதான். 1866இல் கான்ஸ்டாண்டிநோபிளில் சர்வதேச சுகாதார மாநாடு கூடியது. ஹாஜிகளைச் செங்கடலின் வாயிலிலேயே நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. அதன் விளைவாக 1882இல் உஸ்மானிய அரசு யமன் கரையோரம் கமரான் தீவில் தனிமைப்படுத்தும் நிலையத்தைத் திறந்தது. இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் செல்லும் ஹாஜிகள் யலம்லம் மீகாத்தை எட்டுவதற்கு முன்பே இத்தீவில் இறக்கப்பட்டார்கள். துணிமணிகள் நீராவிக் கொப்பரையில் இடப்பட்டன. குளிக்கச் செய்து பரிசோதித்தார்கள். பத்து நாள் வரையிலும், கப்பலில் நோய் கண்டால் அதற்கு மேலும் தங்க வேண்டும். அதற்கான கட்டணமும் ஹாஜியின் கையிலிருந்தே. 1915இல் தீவு ஆங்கிலேயர் வசமான பின்பும், 1950களின் தொடக்கம் வரை நிலையம் நீடித்தது. ஆகவே, உங்கள் பாட்டனாரோ முப்பாட்டனாரோ கப்பலில் ஹஜ் செய்தவராயின் அவர் கமரானில் இறங்கியிருப்பார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கமரானைப் பற்றி ஹாஜிகளின் முறையீடுகள் ஏராளம். தண்ணீர், கட்டணம், பெண்களைச் சோதித்த முறை, கொப்பரையில் பாழான உடைமைகள் எல்லாமே முறையீட்டுக்கு உள்ளாயின. அவற்றில் நியாயம் இருந்தது. அம்மாநாடுகளில் பேசியவர்கள் ஹாஜியின் உயிரைக் காட்டிலும் ஐரோப்பாவின் உயிரைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டார்கள். நோயாளியைக் கண்டவர்கள், அல்லாஹ்வின் விருந்தாளியைக் காணவில்லை. இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. எனினும், தனிமைப்படுத்துவதே இஸ்லாத்திற்கு அந்நியமானது என்று எவரேனும் அன்று கருதியிருந்தால் அது தவறு.

ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, அங்குச் சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்ற இடத்தில் செய்தியறிந்து, ஸஹாபாக்களிடம் ஆலோசனை செய்து, திரும்பிவிட முடிவெடுத்தார்கள். “அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்?” என்னும் கருத்தில் அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே செல்வதாக உமர் (ரலி) விடையளித்தார்கள். செழிப்பான கரையிலும் வறண்ட கரையிலும் ஒட்டகம் மேய்ப்பவனை உவமையாகக் காட்டினார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்தால் தப்பியோட வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியின் செய்தியைத் தெரிவித்ததும் உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். அபூ உபைதா (ரலி) அவர்களும் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அந்த நோயில்தான் மறைந்தார்கள். பின்னர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைகளுக்குப் பிரிந்து செல்லச் சொன்னதும் நோய் தணிந்ததாக வரலாறு கூறுகிறது.

ஹாஜிகளின் துயரைக் கண்டறிந்து எழுதிய ஒரு முஸ்லிம் மருத்துவரை இங்கு நினைவுகூர வேண்டும். டாக்டர் அப்துர் ரஸ்ஸாக் என்பவரை இந்திய அரசு 1878இல் ஹாஜிகளுடன் அனுப்பி நிலைமையை அறிந்துவரச் செய்தது. பின்னர் அவர் ஜித்தாவில் ஆங்கிலேயத் துணைத்தூதராகப் பணியாற்றினார். கப்பல் நெரிசல், நோய், திரும்பப் பணமின்றி ஜித்தாவில் தவித்த ஏழை ஹாஜிகள் என அவர் அனுப்பிய அறிக்கைகள் பல. 1895இல் ஜித்தா நகருக்கு வெளியே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அங்கு நோய்நீக்கு இயந்திரங்கள் மக்களால் தாக்கப்பட்டன. கொலைக்குக் காரணம் இதுதான் என்று அறுதியிடப்படாவிட்டாலும், அந்த இயந்திரங்களின் மீது மக்கள் கொண்டிருந்த அச்சமும் சினமும் அந்த நாட்களில் உச்சத்தில் இருந்தன. ஏன் செய்கிறோம் என்பதை மக்களின் மொழியில் சொல்லாமல் செய்யும் நற்காரியமும் இப்படித்தான் முடியும்.

கமரான் நமக்குத் தொலைவு எனலாம். தட்டப்பாறை தொலைவன்று. மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள அந்த ரயில் நிலையத்தை நீங்கள் கடந்து சென்றிருப்பீர்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஓடிய காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலித் தொழிலாளர்களை நோய்க்கு அஞ்சி நிறுத்தி வைத்த முகாம் அங்கேதான் இருந்தது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல்வழி திறந்ததும் அந்தப் பணியில் பெரும்பங்கு மண்டபம் முகாமுக்குச் சென்றது. பரிசோதனை, அம்மைக்குத்து, சில நாள் தங்கல் முடிந்த பின்னரே தொழிலாளர்கள் கப்பலேற முடிந்தது. பாஸ்போர்ட்டும் விசாவும் மட்டும் அப்போது வேண்டியிருக்கவில்லை. காயல்பட்டினத்து வணிகர் கொழும்பில் கடை வைத்துவிட்டுப் பெருநாளைக்கு ஊர் வந்து போனது அப்படித்தான். இலங்கையின் குடிவரவுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்ததும் அந்தத் திறந்த வாசல் மூடிற்று. ஒரே குடும்பத்தார் இரு நாட்டவரானார்கள்.

ஹஜ்ஜுக்குத் திரும்புவோம். கொள்ளைநோய் பம்பாயில் பரவியதால் 1897இல் அங்கிருந்து ஹஜ் பயணமே தடை செய்யப்பட்டது. ஏழைகள் ஜித்தாவில் சிக்கித் தவிப்பது ஓயாததால், திரும்புவதற்கான டிக்கெட்டோ முன்பணமோ இன்றிக் கப்பலேற முடியாது என்று 1925இல் சட்டம் வந்தது. வைசூரிக்கும் காலராவுக்கும் தடுப்பூசிகள் கட்டாயமாயின. விடுதலைக்குப் பின் ஹஜ் கமிட்டிச் சட்டம் 1959இல் வந்தது. அதே ஆண்டில் ஹாஜிகளுக்கென்றே ரிசர்வ் வங்கி தனி ரூபாய் நோட்டுகளையும் அச்சிட்டது. மும்பையிலிருந்து ஜித்தா சென்ற கடைசி ஹஜ் கப்பல் ‘அக்பரி’. 1995உடன் அந்தக் கடற்பயணம் முடிவுற்றது. ஹஜ்ஜுக்கு மட்டுமே செல்லும் ‘பில்கிரிம் பாஸ்’ நீங்கி, எல்லோருக்கும் சர்வதேச பாஸ்போர்ட் கட்டாயமானது 2009ஆம் ஆண்டின் ஹஜ்ஜிலிருந்து.

இனி, இன்றைய படிவத்தில் கேட்கப்படுபவற்றுக்கு வருவோம். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி ஏன்? 1987 ஹஜ்ஜில் அந்நோய் பரவி, ஹாஜிகளுடன் பல நாடுகளுக்குச் சென்றது. அதன் பின்னரே தடுப்பூசி கட்டாயமாயிற்று. 2000, 2001 ஆண்டுகளில் அதே கிருமியின் வேறொரு வகை தலைதூக்கியதால், 2002 முதல் நான்கு வகைகளையும் தடுக்கும் ஊசி கேட்கப்படுகிறது. மினா கூடாரத்தில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது ஏன்? 1997 ஏப்ரல் 15 அன்று மினாவில் எரிவாயு அடுப்பிலிருந்து பரவிய தீயில் 343 பேர் ஷஹீதானார்கள். நம் துணைக்கண்டத்தவர் அதில் ஏராளம். இன்று நீங்கள் தங்கும் தீப்பிடிக்காத கூடாரங்கள் அதற்குப் பின் வந்தவை.

இவற்றிலெல்லாம் என் உள்ளத்தை அதிகம் வருத்துவது 2024ஆம் ஆண்டின் ஹஜ். ஹரம் ஷரீஃபில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 பேர் மவுத்தானதாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் ஹஜ் அனுமதி பெறாமல் வந்தவர்கள். அனுமதி இல்லாதவருக்குக் குளிர்சாதனக் கூடாரம் இல்லை, பேருந்து இல்லை. பிடிபடுவோமோ என்ற அச்சத்தில் வெயிலில் நெடுந்தூரம் நடந்தார்கள். சுற்றுலா விசாவிலோ உறவினரைச் சந்திக்கும் விசாவிலோ அவர்களை அனுப்பிவைத்த முகவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். எகிப்து மட்டும் 16 நிறுவனங்களின் உரிமத்தை ரத்து செய்தது. குறைந்த செலவில் ஹஜ் என்று ஒருவர் உங்களிடம் வந்து, விசாவின் பெயரைத் தெளிவாகச் சொல்ல மறுத்தால், அவர் தாடி வைத்தவராயினும், ஹாஜியார் என்று அழைக்கப்படுபவராயினும் பணத்தைக் கொடுக்காதீர்கள். அனுமதியின்றி ஹஜ் செய்ய முயல்வோருக்கு 2025இல் 20,000 ரியால் வரை அபராதம் அறிவிக்கப்பட்டது. அபராதம் சிறிது, வயதான பெற்றோரை அந்த வெயிலில் நிறுத்துவது பெரிது. வழிப் பாதுகாப்பு இல்லையெனில் கடமையே இல்லை என்று ஃபுகஹாக்கள் சொன்னதை இங்குதான் பொருத்திப் பார்க்க வேண்டும். வசதியும் அனுமதியும் வராத ஆண்டில் நீங்கள் குற்றவாளி அல்லர்.

புறப்படுவோர் செய்ய வேண்டியவற்றில் நம் பகுதியில் அடிக்கடி தவறும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். முதலாவது பெயர். ஆதாரில் ‘முகமது’, பள்ளிச் சான்றில் ‘முஹம்மது’, ரேஷன் அட்டையில் ‘மொகமது’; தந்தை பெயர் ஓரிடத்தில் முதலெழுத்து, ஓரிடத்தில் விரிவு. இவற்றை ஒன்றாக்கிய பின்னரே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் சுற்றுலா விசாவை மறுக்கத் தொடங்கியபோது, முதலெழுத்துப் பழக்கமுள்ள நம் தமிழர்கள்தாம் விமான நிலையங்களில் திகைத்து நின்றார்கள். பாஸ்போர்ட்டின் ஆயுள் பயண நாளுக்குப் பின் ஆறு மாதமாவது இருக்கட்டும்.

மூளைக்காய்ச்சல் ஊசி சவூதி சேர்வதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே போடப்பட்டிருக்க வேண்டும். ஊசி போடாமல் அட்டை மட்டும் வாங்கிக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது பொய்ச் சாட்சியம். அத்துடன் அருகில் படுத்திருக்கும் ஹாஜியின் உயிரோடு விளையாடுவது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைத் திரும்பி வரும் நாள் வரைக்கும் கணக்கிட்டு, மருத்துவரின் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி வழிதவறினால் மாத்திரையும் போய்விடும். சில வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் அங்கே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும். நம் வீட்டுக் குருமாவுக்கு அரைக்கும் கசகசாவும் அப்படியே. மசாலாப் பொட்டலத்தில் ஒரு பிடி இருந்தாலும் சிறைவரை செல்லக்கூடும். பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், சாமான் கட்டுவது பெரும்பாலும் அவர்கள்தாமே!

சர்க்கரை நோயுள்ளவர்கள் கால்களைப் பற்றி அலட்சியம் வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதம் சுடும் தரையில் வெந்து போவது அவர்களுக்கு உடனே தெரியாது. கணுக்கால் திறந்த, அடிப்பாகம் தடித்த செருப்பை இரண்டு மாதம் முன்பே வாங்கி, ஃபஜ்ருக்குப் பின் வாய்க்கால் கரையில் தினமும் நடந்து பழகுங்கள். புதுச் செருப்போடு மினாவுக்குப் போகாதீர்கள்.

எஞ்சியது வஸிய்யத். எழுதி வைக்க வேண்டிய விஷயம் உள்ள முஸ்லிம் அதை எழுதாமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்னும் கருத்தில் ஹதீஸ் உள்ளது. கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய பணம், அமானிதமாக வைத்திருக்கும் நகை, பாஸ்போர்ட்டின் நகல், உண்ணும் மருந்துகளின் பெயர், அங்கு மவுத்தானால் அங்கேயே அடக்கலாம் என்ற சம்மதம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, இரு சாட்சிகளின் கையொப்பத்தோடு, பிள்ளைகளில் ஒருவரிடம் ஒரு பிரதியும் ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு பிரதியும் கொடுத்துவிட்டு வண்டியேறுங்கள்.